ஹெல்லேயின் வண்டிலை நிரப்பியது யார்?

போன வாரம் திங்கட்கிழமை, காலை இடைவேளையில், ஒரு டெனிஷ்காரி என்னைப் பார்த்துக் கத்தினார்.

டெனிஷ்காரர் கத்தி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இருபத்திரண்டு வருடமாக நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் குரலைக் குறைப்பார்கள். இன்னும் கோபம் வந்தால் ஈமெயில் போடுவார்கள். அதற்கு மேலும் ஒரு கட்டம் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கத்தியவர் ஹெல்லே. டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் என்ற ஊரில் நான் வேலை செய்யும் சலவைத் தொழிற்சாலையில் எனக்கு எதிர் மேசை. ஹோட்டல்களிலிருந்து வந்து துவைத்துக் காய்ந்த துவாய்களை மடித்து, அடுக்கி, ஆளுயர வண்டிலில் ஏற்ற வேண்டும். பதினான்கு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்து இதைத்தான் செய்கிறோம்.

அன்றைக்கு நான் கோப்பியோடு உட்கார்ந்திருந்தேன். ஹெல்லே வந்து ஒரு கடிதத்தை எனக்கு முன்னால் வைத்தார்.

"மோர்ட்டன் எழுதினதைப் பார்."

மோர்ட்டன் எங்கள் பகுதிப் பொறுப்பாளர். நல்ல பெடியன். கடிதத்தில் இப்படி இருந்தது: பதின்மூன்று வாரச் சோதனைக் காலத்தில் ஹெல்லே தன் மேசையின் வேலையை வழமையான வேகத்தில் செய்து முடித்திருக்கிறார்.

நிமிர்ந்து பார்த்தேன். ஹெல்லேயின் கண் கலங்கியிருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன். எழும்பிக் கட்டிப்பிடித்து "வாழ்த்துகள்!" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா நான்? காதோடு காதாகச் சொன்னேன்: "உனக்கொரு ரகசியம் சொல்லட்டே? ஒவ்வொரு நாளும் உன்ர வண்டிலை அரைவாசி நிரப்பி வைச்சது நான்தான்!"

(டெனிஷில் நடந்த பேச்சையெல்லாம் எங்கள் தமிழில்தான் தருகிறேன். எனக்குள் அது அப்படித்தான் கேட்கிறது.)

ஹெல்லே என் கையை உதறினார்.

"ஆர் உன்னைக் கேட்டது? சொல்லு... ஆர் உன்னைக் கேட்டது?"

கன்ரீனில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் பாணைக் கடித்தபடி அப்படியே இருந்துவிட்டார். எனக்கு முகம் சுட்டது. நன்மை செய்யப்போய் இப்படியும் ஒரு பேச்சா?

விசயம் இதுதான். ஹெல்லேக்கு ஐம்பத்தேழு வயது. வலது தோளில் இரண்டு முறை ஒப்பரேஷன். நெடுநாள் விடுப்பில் இருந்துவிட்டு இந்த வருடம்தான் திரும்பி வந்தார் – ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் மட்டும். கொமூன, அதாவது எங்கள் நகரசபை, ஒழுங்குபண்ணிய சோதனைக் காலம் என்று மோர்ட்டன் சொன்னார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை. இங்கே ஒருவருடைய நோயைப் பற்றி மேலாளர் மற்றவருக்குச் சொல்லக்கூடாது.

சோதனை என்றால் நமக்கு என்ன? பாஸ் பண்ண வேண்டும். பாஸ் பண்ணாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த வயதில், இந்தத் தோளோடு, அவரை வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்? இப்படித்தான் என் மூளை கணக்குப் போட்டது.

எனக்கு வேலை ஆறு மணிக்குத் தொடங்கும். ஹெல்லே எட்டு மணிக்கு வருவார். அதற்குள் அவருடைய வண்டிலில் பாதியை நான் அடுக்கிவிடுவேன். கனத்த குளியல் துவாய்களை என் பக்கம் இழுத்துக்கொண்டு, முகம் துடைக்கிற சின்னத் துவாய்களை அவர் பக்கம் தள்ளிவிடுவேன். அவர் கழிவறைக்குப் போனால் என் கை எதிர் மேசைக்குப் போய்விடும். பதினொரு மணிக்கு மோர்ட்டன் அந்தப் பக்கம் வரும்போது வண்டில் நிறைந்து நிற்கும். அவர் ஹெல்லேயைப் பார்த்துச் சிரிப்பார். நான் மேலே கூரையைப் பார்ப்பேன்.

காலையில் கிடப்பதெல்லாம் மாலை ஷிஃப்ட் ஆட்கள் மிச்சம் விட்டது என்றே ஹெல்லே நினைத்திருந்தாராம்.

இதை நான் எங்கே படித்தேன் என்று கேட்கிறீர்களா? இதே தொழிற்சாலையில்தான். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது நிற்கவே முடியாமல் சத்தியெடுத்துக்கொண்டு வேலைக்கு வந்தேன். அப்போது பக்கத்தில் நின்ற ஜெயாக்கா ஒரு வார்த்தை பேசாமல் என் பங்கையும் சேர்த்து மடித்துவிட்டார். பொறுப்பாளர் கண்ணில் ஒன்றும் படவில்லை. அந்த மனுசிக்கு இன்றைக்கும் கோயிலில் கண்டால் நான் எழும்பி இடம் கொடுக்கிறேன். முடியாதவரை மேலிடத்துக்குக் காட்டிக் கொடுக்காமல் மறைப்பதுதான் கூட வேலை செய்பவருக்கு அழகு – இது எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ச்சலென்றாலும் இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு போய் நிற்கிற ஆட்கள் அல்லவா?

வேலை முடிந்து உடுப்பு மாற்றும் அறைக்குப் போனேன். ஹெல்லேயும் அங்கே இருந்தார். வழமையாகப் பதினொன்றுக்கே போய்விடுகிறவர், எனக்காகக் காத்திருந்திருக்கிறார். கோபம் ஆறியிருந்தது. அது கோபத்தை விட மோசமாக இருந்தது.

"இது நான் பாஸ் பண்ணுற சோதனை இல்லை," என்றார். "என்னால எவ்வளவு ஏலாது எண்டு பார்க்கிற சோதனை. ஏலாது எண்டு தெரிஞ்சாத்தான் ஃபிளெக்ஸ்ஜொப் கிடைக்கும்."

ஃபிளெக்ஸ்ஜொப் என்றால், உடம்புக்கு ஏலுமான அளவு நேரம் மட்டும் வேலை. மிச்சச் சம்பளத்துக்குக் கொமூன கை கொடுக்கும். மோர்ட்டன் எழுதிய கடிதப்படி ஹெல்லே ஆரோக்கியமான மனுசி. நோய்ப்பணம் நின்றுவிடும். முழுநேர வேலைக்குத் திரும்ப வேண்டும். வியாழக்கிழமை கொமூனவில் கூட்டம்.

"இந்தத் தோளோட வாரத்துக்கு முப்பத்தேழு மணித்தியாலம்... ஒரு மாசம் தாங்கமாட்டன்," என்றார். "ரெண்டு வருசமா என்ர தலைமுடியை நானே சீவிக் கட்ட ஏலாமல் இருக்கிறன், தெரியுமே உனக்கு?"

எனக்குத் தெரியாது.

"நீ ஏன் எனக்கு முதலே சொல்லேல்ல?" என்று கேட்டேன்.

"நீ ஏன் கேக்கேல்ல?" என்றார்.

ஒருவரின் நோய் வருத்தத்தைப் பற்றித் துருவிக் கேட்கக் கூடாது என்பதை இந்த நாட்டில் முதல் ஐந்து வருடத்திலேயே படித்துக்கொண்டேன். அதில் எனக்குப் பெரிய பெருமை வேறு. புதிதாக வருகிற எங்கள் ஆட்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். ஆனால் கேட்காமலே மற்றவரின் வேலையில் கை வைக்கிற பழக்கத்தை மட்டும் நான் விடவில்லை. டெனிஷ்காரரின் பழக்கத்தில் பாதி, எங்கள் பழக்கத்தில் பாதி. இரண்டையும் கலந்து ஹெல்லேக்கு நஞ்சு கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் – என் மனுசனிடம் – சொன்னேன். மோர்ட்டனிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றதும் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உமக்கென்ன விசரே? பொய் வேலை காட்டினது எண்டு எழுத்தில எச்சரிக்கை தருவாங்கள். இன்னும் ஒண்டு வந்தால் வேலையே போயிடும். சும்மா இரும்."

"அவவின்ர தோள் போயிடுமெல்லோ?"

"நான் இறைச்சி ஃபாக்டரியில பன்ரெண்டு வருசம் நாரி நோவோட நிண்டனான். ஆருக்கும் மூச்சு விட்டனானே?"

"ஓம், விடேல்ல. அதாலதான் இப்ப உங்களுக்கு மேசு போட்டுவிட நான் குனிய வேண்டிக்கிடக்கு."

இவர் தன் கால்களைப் பார்த்தார். சொன்னபிறகுதான் எனக்கு உறைத்தது. தன் காலுக்குத் தானே காலுறை போட முடியாத மனுசனிடம் அதைச் சொல்லிக்காட்டலாமா? ஆனால் அந்தப் பன்னிரண்டு வருடமும் யாராவது ஒருவர் அவருடைய இடுப்பு நோவைப் பார்த்திருந்தால்... இவர் கோப்பையைத் திரும்ப இழுத்துக்கொண்டு, "சரி, போய்ச் சொல்லும்," என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை மோர்ட்டனின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குரலைக் குறைத்தார். முதல் கட்டம்!

"அதில என்ர கையெழுத்து இருக்கு. என்னை ஏமாத்திப்போட்டாய்."

"ஓம். பிழைதான். இப்ப வேற கடிதம் எழுது."

"எதை வைச்சு எழுதுறது? நான் பார்த்தது முழுக்க நிறைஞ்ச வண்டில். பார்த்ததைத்தான் எழுதலாம்."

"அப்ப நாளைக்கு வந்து பார்."

புதன்கிழமை எட்டு மணி. ஹெல்லேயும் சம்மதித்திருந்தார். வெறும் வண்டில். மோர்ட்டன் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, மடியில் தாளோடு இருந்தார். என் இடத்தை மாற்றச் சொல்லிக் கேட்டேன். ஹெல்லே விடவில்லை. "நீ அங்கதான் நிக்கவேணும்," என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அதுதான் – என் துவாயை மட்டும் மடிப்பது.

முதல் அரை மணித்தியாலம் பரவாயில்லை. பிறகு அவர் வலது கையை இடது கையால் தூக்கி வைத்து மடிக்கத் தொடங்கினார். உதட்டைக் கடித்தார். இரண்டாவது தட்டுக்கு மேல் கை எழும்பவில்லை. ஒரு அடுக்கு சரிந்து நிலத்தில் கொட்டுண்டது. என் கால் தன்பாட்டில் நகர்ந்தது.

"நில்!" என்றார் ஹெல்லே.

நின்றேன். பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினேன்.

"பார். நீயும் பார்."

பார்த்தேன். அவர் குனிந்து ஒவ்வொரு துவாயாகப் பொறுக்கினார். நெற்றியில் வியர்வை. பதின்மூன்று வாரமாக நான் மூடி வைத்தது இதைத்தான். எனக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கத் துவாய்க்குப் பஞ்சமில்லாத இடம், ஆனாலும் துடைக்கவில்லை.

பத்து மணிக்கு மோர்ட்டன் எழும்பினார். வண்டிலில் கால்வாசிதான் இருந்தது. "காணும், ஹெல்லே, நிப்பாட்டு," என்று மட்டும் சொன்னார். பழைய கடிதத்தை வாபஸ் வாங்கி, மத்தியானத்துக்குள் புதுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். எனக்கும் ஒரு கடிதம் கொடுத்தார் – எழுத்தில் எச்சரிக்கை. குற்றம்: வேலை செய்தது! இவர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.

அன்று பின்னேரம் ஹெல்லே எனக்கு ஃபோன் எடுத்தார். கொமூனக் கூட்டத்துக்குத் துணையாக ஒருவரைக் கூட்டிப்போக இங்கே உரிமை உண்டு. "நீ வாறியா?" என்று கேட்டார். எனக்கு நம்ப முடியவில்லை. அவருக்குத் தங்கைமார் இரண்டு பேர் இருக்கிறார்கள், என்னையா கேட்கிறார்?

வியாழக்கிழமை என் காரில் போனோம். அவர் வீடு ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில். போகும் வழியில் நான் கேட்டேன், அவர் சொன்னார். நித்திரை, குளியல், போத்தல் மூடி, நாய்க் கயிறு... பதினான்கு வருடத்தில் பேசாததை இருபது நிமிடத்தில் பேசினோம்.

கொமூன அதிகாரி இளம் பெண். இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது எப்பிடி?" என்றார். நான் வாயைத் திறந்தேன். முதலில் என் குற்றத்தைச் சொன்னேன். பிறகு ஹெல்லேயால் என்னென்ன முடியாது என்று சொல்லத் தொடங்கினேன். கை எவ்வளவு உயரத்தில் நிற்கும், எத்தனை நிமிடத்தில் நடுங்கும், எதைத் தூக்கினால் எது விழும்... எதிரே நின்று வேலை செய்தவளுக்குத் தெரியாதா? ஹெல்லே ஒருமுறை "அது அவ்வளவு மோசமில்லை" என்று குறுக்கே வந்தார். "நீ சும்மா இரு," என்றேன்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டே இருந்தார். முடிவில், முழுநேர வேலை என்ற பேச்சு இனி இல்லை, ஃபிளெக்ஸ்ஜொப்புக்குத் தான் பரிந்துரை செய்வதாகச் சொன்னார்.

வாசகர்களே, ஒன்று சொல்கிறேன். கூட வேலை செய்பவருக்கு உதவ உங்கள் கை துடித்தால் துடிக்கட்டும். நல்ல கைதான். ஆனால் அதற்கு முன் வாயைத் திறந்து "உனக்கு என்ன வேணும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். டெனிஷ்காரர் கடிக்க மாட்டார்கள்.

காரில் ஏறி பெல்ட்டைப் போட ஹெல்லேக்குக் கை எட்டவில்லை. "போட்டுவிடு," என்றார். போட்டுவிட்டேன். கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:

"என்ர சீவியத்தில என்னைப் பற்றி இவ்வளவு மோசமா ஒருத்தரும் கதைச்சதில்லை... நன்றி."

"எப்ப வேணுமெண்டாலும் கூப்பிடு," என்றேன். "இன்னும் இருக்கு!"