ரிஜெக்ட் மனோகரன்

டீ கிளாஸ் கைக்கு வந்ததும் மனோகரன் குடித்துவிட மாட்டார். கட்டைவிரலால் அதன் விளிம்பை ஒரு சுற்று தடவுவார். சில்லு பெயர்ந்திருந்தால், "மாத்து நைனா" என்று திருப்பி நீட்டுவார். சேக்காட்டு டீக்கடை முனியன் இப்போது அவருக்கென்றே காகிதக் கப் வாங்கி வைத்திருக்கிறார். மனோகரன் அதன் அடியையும் அமுக்கிப் பார்த்த பிறகுதான் வாய் வைக்கிறார்.

வயது ஐம்பத்து நான்கு. ஒல்லி உடம்பு, அதில் கொஞ்சம் சர்க்கரை. மாத்திரை அட்டையில் காலாவதி தேதியைப் படிக்காமல் ஒரு நாளும் விழுங்கியதில்லை. அந்த ஒன்றில் அவரைக் குறை சொல்ல மாட்டேன், எல்லோரும் செய்ய வேண்டியதுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் கடைசிச் சோதனை அவர் வேலை. கடைந்து வரும் இரும்புத் தண்டுகளை அளந்து, தேறியதைப் பச்சைப் பெட்டியிலும் தேறாததைச் சிவப்புப் பெட்டியிலும் போட வேண்டும். இருபத்தேழு வருடத்தில் ஒரே ஒருமுறை, கூட வேலை செய்தவனின் "அளந்தாச்சுண்ணா" என்ற பேச்சை நம்பி அனுப்பிவிட்டார். சரக்கு முழுவதும் அதே லாரியில் திரும்பி வந்தது. அதற்கப்புறம் வந்ததுதான் 'ரிஜெக்ட்' என்ற பட்டம்.

"கட்டிக்கினு இருவது வருஷம் ஆவுது. இன்னும் என்னியே பச்சப் பொட்டில போடல" என்பார் மனைவி அகல்யா.

மகள் சுவேதா பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கல்லூரியில் வரலாறு படிக்க வேண்டும், கல்வெட்டு வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நின்றாள். மனோகரனுக்கு முதலில் வந்தது கோபமல்ல, சந்தேகம். யார் இவள் தலையில் இதை ஏற்றினார்கள்?

"செத்துப்போன ராஜாவப் பட்ச்சிட்டு இன்னா பண்ணுவே? எதிர் ஊட்டு ஸ்ரீராம் ஏதோ ஏரோப்ளேன் படிப்புன்னு போனான். காலேஜ் நோட்டீசு பளபளன்னு இர்ந்துச்சி. இப்ப சோத்துப் பொட்டலம் தூக்கினு சுத்தறான்."

"ஒரு நாள் காஞ்சிபுரம் வாப்பா. பாத்துட்டு நீ வேணாம்னா காமர்ஸே சேந்துடறேன்" என்றாள் சுவேதா. விண்ணப்பிக்கக் கடைசி நாள் செவ்வாய். ஞாயிறு காலை மூவரும் கிளம்பினார்கள்.

பூந்தமல்லியில் பஸ்ஸின் நெற்றியிலேயே காஞ்சிபுரம் என்று எழுதியிருந்தது. கண்டக்டரும் கத்திக்கொண்டிருந்தார். மனோகரன் உள்ளே உட்கார்ந்திருந்த இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டுவிட்டு ஏறினார்.

கோயில் வாசலில் தொப்பி போட்ட வழிகாட்டி ஒருவர் ஒட்டிக்கொண்டார். "இங்கேருந்து கடல் வரைக்கும் சுரங்கப்பாதை இருக்குது சார். ராஜா குதிரையிலயே போவாரு."

"நீ போய்க்கிறியா?"

"பெரியவங்க சொல்லுவாங்க சார்."

"வழி எங்க கீது, காட்டு."

"மூடிட்டாங்க சார்."

"ரிஜெக்ட்" என்றார் மனோகரன். அடுத்த குடும்பத்தைத் தேடிப் போய்விட்டார் வழிகாட்டி. "பாத்தியா? இத்தான் உன் படிப்பு" என்று மனோகரன் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகம் சுண்டிப்போனது.

அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தபடி அடுத்த கேள்வியை வீசினார். "அவ்ளோ பெரிய கல்லு. கிரேன் கெடையாது. எப்டி மேல போச்சி?"

மடக்கத்தான் கேட்டார். சுவேதா யோசித்தாள். "தெரியலப்பா. ரெண்டு மூணு விதமா சொல்றாங்க. இந்தக் கோயிலுக்கு எதுன்னு சொல்ல ஆதாரம் பத்தல."

மனோகரன் கோபுரத்தை விட்டு மகளைப் பார்த்தார். பட்டறையில் புதிதாகச் சேர்கிறவனிடம் அளவு என்ன என்று கேட்பார். குத்துமதிப்பாகச் சொல்பவனைக் கருவிப் பக்கமே விடமாட்டார். தெரியாது என்பவனைத்தான் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்.

கோயிலின் பின்புறம், நிழல் விழுந்த அடித்தளக் கல்லில் எழுத்துகள் ஓடின. செல்போனில் பார்த்துப் பார்த்துப் பழைய எழுத்துகளில் சிலதைப் பழகியிருந்த சுவேதா, மண்டியிட்டு விரலால் தடவினாள். "யா… அடுத்தது தேஞ்சிருக்கு. தெரியல."

"தேஞ்சி கீதா, இல்ல உனுக்குப் படிக்கத் தெரிலியா?"

"கண்ணுக்கே தெரியலப்பா." குரல் உடைந்தது.

"கொழந்தய அழ வெச்சிட்டு, இன்னாய்யா மனுசன் நீ" என்றார் அகல்யா.

மனோகரன் கல்லருகே குனிந்து பார்த்தார். பிறகு அகல்யாவின் பையிலிருந்து எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவை எடுத்து, மூடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்தார். வெயில் விழும் இடத்தில் போய் உட்கார்ந்து, மூடியில் வெளிச்சத்தைப் பிடித்து, கல்லின்மேல் பக்கவாட்டில் சாய்த்து விட்டார். இரும்பில் முடி அளவு கீறலைத் தேடும்போது அவர் விளக்கு பிடிக்கிற விதம் அது. வழவழவென்று கிடந்த கல்லில் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் குழி விழுந்து எழுந்தன.

"இப்ப படி."

"யாண்டு…" என்று தொடங்கினாள். திக்கினாள், பின்னுக்குப் போனாள், மறுபடி வாசித்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை. மூடி சுட்டது, கை மாற்றிக்கொண்டார். வெளிச்சம் நடுங்கவில்லை.

முதல் வரியின் கோடியை அவள் விரல் தொட்டது. யாரும் கேட்காமலே, மனோகரன் மூடியை ஓர் இழை கீழே, அடுத்த வரிக்குச் சாய்த்தார்.