பிடியரிசி லேலம்

2022 ஆகஸ்ட் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து நாற்பது. காலையிலிருந்து விடாத மழை. கிழக்கு மலைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டு ஓட்டில் மூன்று இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. மூன்றுக்கும் பாத்திரம் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் என் மனைவி, முற்றத்தில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

ஒரு ஆணும் பெண்ணும். முப்பது வயதுக்குள் இருக்கும். அவன் இடது கையில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டைச் சுற்றியிருந்தான். துண்டின் சிவப்பு எது, ரத்தம் எது என்று மழையில் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"பஸ் ஸ்டாப்புல நின்னு வெறச்சிட்டு இருந்தினும். கூட்டிட்டு வந்தேன்," என்றாள் மனைவி.

"ஆரு என்னண்ணு தெரியாம?"

"தெரிஞ்ச பெறகு மழ நிக்குமா?"

நான் மின்வாரியத்தில் பில் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். தெரியாத எண்ணை எந்த வரிசையிலும் எழுதியதில்லை. அவனிடம் கேட்டேன். அவனுக்குக் கொஞ்சம் மலையாளம் தெரிந்தது. ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். கிழக்கே மலையோரக் குவாரியில் ஏழு மாதமாகக் கல் உடைக்கிறார்கள். முந்தின வாரம் கல் சரிந்து இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி அட்வான்ஸ் கணக்கில் ஏற்றிவிட்டார். அது தீரும்வரை போகக் கூடாது. ஆதார் அட்டை இரண்டும் முதலாளியின் மேசைக்குள். மழையில் கண்காணிப்பவன் உள்ளே போன நேரம் பார்த்து இறங்கி வந்துவிட்டார்கள்.

எந்தக் குவாரி என்று கேட்டேன். சொன்னான். கேட்டிருக்க வேண்டாம்.

அந்தக் குவாரியின் முதலாளி எங்கள் ஊர்க்காரர். எங்கள் சர்ச் சபைதான். ஆராதனையில் இரண்டாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருகிறவர். அந்த மின்விசிறியே அவர் கொடுத்ததுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் வழி நூற்றுப் பன்னிரண்டு அடி. அந்த நூற்றுப் பன்னிரண்டு அடியும் அவருடைய ரப்பர் தோட்டத்து ஓரம். அவர் அப்பா என் அப்பாவிடம் "நடந்துக்கிடும்" என்று வாயால் சொன்னது. பத்திரம் கிடையாது. இந்த எழுபத்து நான்கு வயதுவரை ஒவ்வொரு நாளும் அந்த வழியில் நடக்கும்போது, பத்திரம் கிடையாது என்று ஒரு தடவையாவது நினைத்துக்கொள்வேன்.

வீட்டுக்குப் பின்னால் தேங்காய் போட்டு வைக்கும் அறை ஒன்று உண்டு. மனைவி தேங்காயை ஒரு மூலைக்கு ஒதுக்கிப் பாய் விரித்தாள். மழை நின்றதும் அனுப்பிவிடலாம் என்று நான் சொன்னேன். மழை நிற்கவில்லை.

மறுநாள் அவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. ஆட்டோவில் ஏற்றி, தலையில் துண்டைப் போட்டு மறைத்து, நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோனேன். போகும் வழியெல்லாம் எதிரே வந்த ஜீப்புகளை எண்ணிக்கொண்டே போனேன். பதினொன்று. எதுவும் அவருடையதில்லை. புண் பழுத்திருக்கிறது, ஞாயிறுவரை தினமும் மருந்து வைத்துக் கட்ட வேண்டும், அதற்குமுன் ரயிலில் போனால் கையே போய்விடும் என்றார் டாக்டர். திரும்பும் வழியில் கம்ப்யூட்டர் கடையில் திங்கட்கிழமைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். போலீசில் சொல்லலாமே என்று ஒரு எண்ணம் வந்தது. அவனை ஆட்டோவிலேயே இருக்க வைத்துவிட்டு, போலீஸ் ஸ்டேஷன் முக்குவரை நடந்தேன். என்ன சொல்வது, யார் சொன்னதென்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தபடி ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்பினேன்.

வியாழக்கிழமை காலை முதலாளியின் ஆள் பைக்கில் வந்தான். முற்றத்திலேயே நின்றுகொண்டு கேட்டான்.

"சாறே, ஒரு வங்காளியும் பெண்ணாளும் இந்த வழி வந்தினுமா?"

அவர்களுக்கு வடக்கேயிருந்து வருகிற எல்லாரும் வங்காளிதான்.

"இல்ல."

"கண்டா சொல்லணும் கேட்டியளா. முதலாளி நல்ல சூட்டுல நிக்கியாரு. அட்வான்ஸ் வேண்டிட்டு ஓடினதாக்கும்."

"சொல்லுதேன்," என்றேன். அவன் என் காலைப் பார்த்தான். நானும் பார்த்தேன். ஆடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து தேங்காய் அறையின் முன்கதவுக்குப் பூட்டுப் போட்டேன். தட்டு கொண்டு போகும்போதும், மருந்து வைத்துக் கட்டும்போதும் மட்டும் திறப்பேன்.

மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "அங்க ஒருத்தரு பூட்டினாரு, இஞ்ச நீங்க பூட்டுதிய. என்ன வித்தியாசம்?"

"பேடி. எனக்குள்ள பயம், அதாக்கும் வித்தியாசம்."

"உங்களுக்கு எப்பளும் பேடிதான். கல்யாணத்தண்ணு மழை வரும்ணு பேடிச்ச ஆளு."

உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் நான் ஜெபத்தில் கேட்டது ஒன்றே ஒன்று: திங்கட்கிழமை சீக்கிரம் வரட்டும். அவர்களுக்காக என்று சொல்ல முடியாது. ஏழைக்கு இரங்கவும் ஒடுக்கப்பட்டவன் பக்கம் நிற்கவும் வேண்டும் என்று அறுபது வருடத்துக்கு மேலாக அந்தச் சபையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கேட்கும்போது அது எப்போதும் தூரத்தில், வேறு யாருக்கோ சொல்வதுபோல் இருக்கும். தேங்காய் அறையில் ஒருவன் இருமினால் ரோடுவரை கேட்கும் என்பதை எந்தப் பிரசங்கத்திலும் யாரும் சொன்னதில்லை.

இனி எங்கள் சபையின் இரண்டு வழக்கங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, பிடியரிசி. வீட்டில் ஒவ்வொரு நேரமும் சோறு வைக்க அரிசி எடுக்கும்போது, பெண்கள் அதிலிருந்து ஒரு பிடியைத் தனியே ஒரு பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோவிலுக்குக் கொண்டுவந்து பெரிய அண்டாவில் கொட்டுவார்கள். ஆராதனை முடிந்தபின் வாசலில் வைத்து லேலம் விளித்து, அதாவது ஏலம் போட்டு, விற்பார்கள், பணம் ஏழைகளுக்கு. இது பல சபைகளில் உண்டு. மற்றது எங்கள் சபையில் மட்டும் கண்டிருக்கிறேன். தனிப்பொதியாக யாராவது கொண்டுவந்தால், அதை லேலத்தில் எடுப்பவர், கொண்டுவந்த ஆளையும் வீட்டுக்குக் கூட்டிப்போய் மதியச் சோறு போட வேண்டும். பஞ்ச காலத்தில், தான் பட்டினி கிடந்து கோவிலுக்குக் கொண்டுவந்த கிழவிகளுக்காக ஆரம்பித்தது என்பார்கள். இன்னும் யாரும் அதை மீறியதில்லை.

ஞாயிறு காலை பூட்டைச் சரிபார்த்துவிட்டு நாங்கள் கோவிலுக்குப் போனோம். தூறல்தான். காணிக்கைப் பாட்டுக்குப் பெண்கள் வரிசையாக அண்டாவிடம் போனார்கள். என் மனைவியும் கொட்டிவிட்டு வந்தாள். பாட்டின் மூன்றாவது அடியில், வாசல் பக்கமிருந்து தேங்காய் அறைப் பெண் வந்தாள்.

தேங்காய் அறைக்குக் கிணற்றுப் பக்கம் ஒரு பின்கதவு உண்டு. தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் இருந்ததால் அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

என் மனைவியின் பழைய நீலப்புடவை. நனைந்த தலை. கையில் அந்தச் சிவப்புக் கட்டத் துண்டு, துவைத்தது, அதில் ஒரு முடிச்சு. மனைவி சமையலறையில் பிடி எடுத்துப் போடுவதை ஜன்னல் வழியாக ஐந்து நாளும் அவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் ஊர்ச் சபையிலும் இந்த வழக்கம் உண்டாம். பிறகு அவன் சொன்னான். இரவுக் கஞ்சியை அவர்களே வைத்துக்கொள்ள மனைவி கொடுத்த அரிசியில் தன் பங்கிலிருந்து பிடித்து வைத்திருக்கிறாள். கோவில் மணி கேட்டதும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அண்டாவில் கொட்ட அவளுக்குத் தெரியவில்லை. துண்டோடு மேசைமேல் வைத்துவிட்டு, கைகூப்பிவிட்டுத் திரும்பினாள். திரும்பும்போது இரண்டாவது வரிசையைப் பார்த்தாள்.

அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். முதலாளியும் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை ஒரு பக்கம் திருப்பினார்.

அன்றைய பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் என் காதில் விழவில்லை. மனைவி அவளைப் பெண்கள் பக்கம் இழுத்து அருகில் உட்கார வைத்துக்கொண்டாள். வாசல்கள் நான்கு. நான்கின் வெளியேயும் அவர் ஜீப் நிற்பதுபோல் எனக்குத் தோன்றியது. ஒன்றில் உண்மையாகவே நின்றது.

ஆராதனை முடிந்து லேலம் தொடங்கியது. இரண்டு வாழைக்குலை, ஒரு சேவல், அண்டா அரிசி. கடைசியில் சபைச் செயலாளர் துண்டு முடிச்சைத் தூக்கினார்.

"பிடியரிசி, தனிப்பொதி ஒண்ணு. இருவது ரூவா. ஆரு விளிக்கியது?"

"ஐந்நூறு," என்றார் முதலாளி.

பாடகர் குழுவில் பாடும் ஒரு கிழவர், எப்போதும் வாய் சும்மா இருக்காதவர், சிரித்தார். "என்ன முதலாளி, வீட்டுல கஞ்சிக்கு அரிசி தீந்துபோச்சா?"

"அரிசி உண்டு ஓய். கொண்டு வந்த ஆளுக்குச் சோறு போடணுமில்லியா? எனக்க பணிக்காரியாக்கும். நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன்."

எல்லாரும் தலையாட்டினார்கள். சில பேர் பாராட்டினார்கள். வழக்கப்படி, கோவில் வாசலில் வைத்து, சபையார் பார்த்திருக்க அவளைக் கொண்டுபோகலாம். அவளுக்குப் பின்னால் அவனும் போக வேண்டியதுதான். அவள் என் மனைவியின் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"ஐந்நூறு, ஒரு தரம்..."

"அறுநூறு."

என் குரல்தான். செயலாளருக்குக் கேட்கவில்லை. "ஆரு?" என்றார். இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. பயந்தவனை இரண்டு தடவை பேச வைக்கக் கூடாது; முதல் தடவை தானாக வந்துவிடும், இரண்டாவது தடவை தெரிந்தே சொல்ல வேண்டும்.

முதலாளி மெதுவாகத் திரும்பினார். "சாறா? வியாழக்கிழமை எனக்க ஆளு வந்து கேட்டப்ப, கண்டில்லண்ணு சொன்னியளே?"

சேவல் மட்டும் கொக்கரித்தது.

"ஆயிரம்," என்றார்.

"ஆயிரத்து நூறு."

"மூவாயிரம். சாறே, வீட்டுக்குப் போற வழி எதுண்ணு ஓர்மை உண்டா?"

"உண்டு," என்றேன். மேலே விளிக்க ஒரு எண் வேண்டும். எனக்குத் தெரிந்த எண் ஒன்றுதான், பாஸ்புக்கில் அன்று இருந்தது. "எட்டாயிரத்து ஐந்நூறு."

"எனக்க கர்த்தாவே, ஒரு நேரச் சோத்துக்கு இம்புட்டு போட்டியும் மத்சரமுமா?" என்றார் பாடகர் கிழவர்.

"ஒரு தரம்," என்றார் செயலாளர். முதலாளி சட்டைப் பையில் கைவைத்து வாயைத் திறந்தார். அப்போது என் மனைவி பெண்கள் பக்கமிருந்து பேசினாள். அவள் குரல் உயரவில்லை.

"அவளுக்க கெட்டியோனுக்கு ரெண்டு விரல் போச்சு முதலாளி. அதையும் லேலத்துல வைக்கலாமா? ஆரு எடுப்பியது?"

முதலாளி என் மனைவியைப் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்தார். சபை அவரைப் பார்க்கவில்லை; அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. துவைத்தும் ஒரு மூலையில் கறை போகாமல் இருந்தது. முதலாளி வாயை மூடிக்கொண்டு, சிரித்தார்.

"சாறு எடுக்கட்டு. நல்லா சோறு போடட்டு."

"மூணு தரம்."

வீட்டுக்கு நாங்கள் மூன்று பேராக நடக்கவில்லை. பிடியரிசி கொண்டுவரும் பெண்கள் ஒன்பது பேர் கூடவே வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. "மரச்சீனி அவிக்க ஆள் வேணுமில்லியா" என்று ஒருத்தி சொன்னாள், அவ்வளவுதான். முற்றத்தில் உட்கார்ந்து கிழங்கு தோலுரித்தார்கள். ஜீப் ரப்பர் தோட்டத்து முனையில் சாயங்காலம்வரை நின்றது. பெண்கள் போகவில்லை, அதுவும் போகவில்லை. துண்டு முடிச்சை அவிழ்த்து அந்த அரிசியையும் உலையில் போட்டோம். ஒரு தம்ளருக்கு மேல் இராது. சாப்பிடும்போது ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் என் கை நின்றது.

திங்கள் காலை பாறசாலை ஸ்டேஷனுக்கும் அந்தப் பெண்களில் ஆறு பேர் வந்தார்கள். வண்டி புறப்படும்வரை எனக்கு மூச்சு சரியாக வரவில்லை. புறப்பட்ட பிறகும்தான். அவன் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். அவள் பெட்டிக்குள் தலை குனிந்திருந்தாள். ஆதார் அட்டைகள் அந்த மேசையிலேயே இருக்கின்றன. ஊர் போய்ச் சேர்ந்ததாக ஒரு போன் வந்தது. பிறகு வரவில்லை. இன்றும் மழை பெய்தால் கேட்டைப் பார்க்கிறேன். யாராவது வந்துவிடுவார்களோ என்றும், யாரும் வராமல் போய்விடுவார்களோ என்றும்.

புதன்கிழமை எங்கள் வழிக்குக் குறுக்கே கம்பிவேலி வந்தது. மூன்று மாதம் பக்கத்து வீட்டுத் தொழுவத்துக்குள் புகுந்து ரோட்டுக்குப் போனோம். பிறகு அந்த வீட்டுக்காரரிடமே வழிக்கென்று ஒன்றரை சென்ட் வாங்கினேன். என் அடக்கச் செலவுக்கென்று போட்டிருந்த டெபாசிட்டை முறித்துத்தான். "இனி சாவாம இருந்தாப் போதும்" என்றாள் மனைவி. இந்த வழிக்குப் பத்திரம் உண்டு.

மருந்துக்கும் ஆட்டோவுக்கும் 1,740. டிக்கெட் 2,260. வழிச்செலவுக்கு அவன் கையில் கொடுத்தது 3,000. ஒரு தம்ளர் அரிசி 8,500. நிலம் 2,10,000. முத்திரையும் பதிவும் 21,000. பத்திரம் எழுதியவருக்கு 3,200. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். ரூபாய் இரண்டு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்து எழுநூறு.