கன்னத்துக்குப் போன திருஷ்டிப் படிகாரம்

மல்லசமுத்திரம் பக்கம் ஒரு கல்யாண வீட்டில், முகூர்த்தத்துக்கு ஒரு நாழிகை இருக்கும்போது மாப்பிள்ளையின் கன்னத்தைக் கீறிவிட்டேன். நான் தனியாக ஏற்றுக்கொண்ட முதல் கல்யாணம் அது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்குச் சவரம் செய்கிறவரே பிறகு பந்தலில் நின்று வாழ்த்துப் பாட்டும் பாட வேண்டும். பாட்டு எங்கே மறந்துவிடுமோ என்று எனக்கு ஒரே உதறல். அதனால் கத்தியை ஓட்டிக்கொண்டே வாய்க்குள் பாடிப் பார்த்தேன். நல்ல இடம் வந்ததும் தாளத்துக்குத் தலையை ஆட்டினேன். கத்தியும் ஆடியது.

மாப்பிள்ளை நல்ல பையன். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அடேய் பழனி, ரத்தம் நிக்கலியே. எங்கய்யன் பாத்தா உன்னயப் பாட உட மாட்டாரு."

பாட விடாதது மட்டுமா? கல்யாணத்தன்று ரத்தம் காட்டியவன் என்று பெயர் எடுத்தால் சுற்று வட்டாரத்தில் எவன் என்னைக் கூப்பிடுவான்?

இந்த மாதிரிக் கீறலுக்குப் படிகாரம்தான் மருந்து. நனைத்து அழுத்தினால் ரத்தம் நின்றுவிடும். பையைத் துழாவினேன். காணோம். கிணற்றுத் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது என்று முதல் நாள் என் வீட்டுக்காரி அதை எடுத்துக் குடத்தில் போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் வாசல் நிலையில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய கட்டி நினைவுக்கு வந்தது. திருஷ்டிக்குக் கட்டிய படிகாரம்.

"துண்டை வெச்சு அமுக்கிட்டு இருங்க சாமி. இப்ப வாரேன்."

பந்தல் நிறைய ஆட்கள். மாவிலைத் தோரணத்தைச் சரி செய்கிறவன் போலக் கையை உயர்த்தி, கயிற்றைக் கத்தியால் அறுத்து, கட்டியை மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். கழுவி, நனைத்து, கீறலில் அழுத்தினேன். "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்தார் மாப்பிள்ளை. நூறு எண்ணுவதற்குள் ரத்தம் நின்றது. மேலே கொஞ்சம் சந்தனம் தடவினேன். பாட்டையும் ஒரு வரி தவறாமல் பாடி முடித்தேன்.

பந்தி முடிந்து புறப்படும்போது மாப்பிள்ளையின் அம்மா கூப்பிட்டார்.

"ஏண்டா பழனி, வாசல் நெலவுல கட்டியிருந்த படிகாரம் எங்கடா?"

பொய் வாயில் வரவில்லை. "உங்க மகன் கன்னத்துல தேச்சுட்டனுங்க ஆத்தா" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவனுக்குக் கண்ணு படக்கூடாதுன்னுதான கட்டுனேன். அவன் மேலயே தேச்சுட்ட. போ, போய் இன்னொருக்கா சாப்புடு."

அன்றிலிருந்து கத்தி கையில் இருக்கும்போது நான் பாட்டை நினைப்பதே இல்லை. பைக்குள் எப்போதும் படிகாரம் உண்டு. வீட்டுக்காரிக்குக் குடத்துக்கென்று தனிக் கட்டி வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அதே வீட்டில் இளைய மகன் கல்யாணத்துக்கும் என்னையே கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் நிலையில் இரண்டு கட்டி தொங்குகிறது.

"எதுக்குங்க ஆத்தா ரெண்டு?"

"ஒண்ணு ஊட்டுக்கு. ஒண்ணு உனக்கு."