தண்ணீர் தெளித்த கீரை

பச்சையாக இருப்பதெல்லாம் நல்ல கீரை இல்லை என்று எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் ஆய்வுக்கூடத்து சுந்தரம் சார். எண்பத்து மூன்றில், நான் அங்கே உதவியாளராகச் சேர்ந்த முதல் நாள். இலைமேல் வெளிச்சம் பாய்ச்சினால், திரும்பி வருவதை அங்கிருந்த மெஷின் தாளில் கோடாகப் போடும். மண்ணிலிருந்து ஈயம், காட்மியம் ஏறியிருந்தால் நம் கண்ணுக்குத் தெரியுமுன்பே இலைக்கு முடியாமல் போகும். கோடு இடம் மாறிவிடும். வீட்டையும் வேலையையும் சேர்த்து இழுக்கிற சகோதரிகளே, உங்களுக்கு நான் பட்டது புரியும்.

வெள்ளைத் தட்டு

தினமும் காலையில் மெஷினுக்கு முதலில் ஒரு வெள்ளைத் தட்டைக் காட்ட வேண்டும். இதுதான் முழு வெள்ளை என்று தெரிந்துகொண்டு, மற்றதை அதோடு வைத்து அளக்கும். தட்டு கொஞ்சம் மங்கியிருந்ததே என்று சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அமுக்கி வைத்த பொடி அது. பாதி என் கையோடு வந்துவிட்டது. சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சார் சத்தம் போடவில்லை.

"அந்தோணியம்மா, இது இட்லித் தட்டு இல்லைம்மா."

ஈரம்

கீரை போடுகிற சீனர் ஆ செங்கின் தோட்டம், பழைய பேட்டரி உடைக்கிற இடத்துக்குப் பின்னால் இருந்தது. சோதனையில் கெட்டது என்று வந்தால் அரசாங்க ஆட்கள் பாத்தியில் இருப்பதைப் பிடுங்கிவிடுவார்கள். அவரே கீரையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். சார் சாப்பிட்டு வருவதற்குள் இலை துவண்டுவிட்டது. டேக்கா மார்க்கெட்டில் கீரைக்காரம்மா செய்கிற மாதிரி நானும் கையால் தண்ணீர் தெளித்து வைத்தேன். கோடு நல்ல இலையின் கோட்டுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. சார் அதைப் பார்த்துச் சரி என்று எழுதிவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு, தோ பாயோவுக்குப் போகிற பஸ்ஸில் செபமாலை எடுத்தேன். முதல் பத்து மணியைத் தாண்ட முடியவில்லை. ஈரம் பட்டால் வெளிச்சம் வேறு மாதிரி திரும்பும் என்று சார் என்றோ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மறுநாள் காலை அவர் மேசை முன் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த மாதிரி நிக்காதீங்க. வேற கீரை கொண்டுவரச் சொல்லுங்க, போங்க."

இரண்டு பாத்தி

இந்த முறை வந்த கீரையை நான் தொடவே இல்லை. கோடு நன்றாகவே நகர்ந்திருந்தது. கோட்டை மட்டும் நம்பக்கூடாது, தண்ணீர் போதாத செடியும் இப்படித்தான் காட்டும் என்று, சார் இலையை ஆசிட்டில் கரைத்தும் பார்த்தார். ஈயம் இருந்தது.

முடிவு வாங்க ஆ செங் வந்தார். முதலில் நல்லது, பிறகு கெட்டதா என்று, சந்தையில் எல்லாரும் பேசுகிற பாசார் மலாயில் கேட்டார். நான் தண்ணீர் தெளித்ததைச் சொன்னேன். "சொல்லாம விட்டிருக்கலாமே லா, அக்கா. ரெண்டு பாத்தி போச்சு," என்றார். கதவு வரை போனவர் திரும்பி வந்து நின்றார்.

"என் மகளுக்குத் தினமும் அந்தக் கீரையைத்தான் ஆக்கிப் போட்டேன். டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லணும், எழுதிக் குடு."

எத்தனையோ வருஷம் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று நான் படித்தது, எதைத் தேய்க்கக் கூடாது, எதை நனைக்கக் கூடாது என்ற இரண்டைத்தான். ஆ செங் அப்புறம் வரவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரையும் நான் கேட்டு வைக்கவில்லை. இன்றைக்கு நீங்கள் சொல்கிற செபத்தில் அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.