‘எல்லாம் புதுசாத்தான் இருக்கு’ என்ற லேப்டாப்

போன வியாழக்கிழமை காலை. மாடி வீட்டு முரளி லேப்டாப்பைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு படியிறங்கி வந்தார். சொந்த ஊர் திருப்பத்தூர். வேலை இங்கே பெங்களூரில், பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில். அங்கிருந்து வெளியே வர ஒரு வழி தெரிந்திருந்தது — மதியம் இரண்டு மணிக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆன்லைன் இன்டர்வியூ.

“அக்கா, இதுல என் குரல் போக மாட்டேங்குது.”

“போன்ல பேசிடுங்களேன்.”

“ஸ்கிரீனைக் காட்டிக்கிட்டே லேப்டாப்லதான் பேசணுமாம். என் ஃபிரெண்டுகிட்டயும் இதே மாடல்தான். அவனுக்கும் மைக் படுத்துச்சு. லினக்ஸ் அப்டேட் போட்டான், சரியாயிடுச்சு. நான் போட்டா, எல்லாம் புதுசாத்தான் இருக்குன்னு சொல்லுது.”

நானும் போட்டுப் பார்த்தேன். சட்டென்று பதில் — புதிதாக எதுவும் இல்லை.

ஒரே மாடல், ஒரே லினக்ஸ். ஒருவருக்கு வந்தது இன்னொருவருக்கு ஏன் வரவில்லை? இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் அடுப்பில் பால் இருப்பதே எனக்கு மறந்துவிடும். கம்ப்யூட்டரை யாரும் சொல்லித்தராமல் நோண்டி நோண்டியே கற்றுக்கொண்டவள். நோண்டினேன்.

லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி, ஆனால் இலவசமாகக் கிடைப்பது; அதன் அப்டேட் எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. தலைமை சர்வரில் இருப்பதை அப்படியே பிரதியெடுத்து, உலகம் முழுக்கக் கல்லூரிகளும் கம்பெனிகளும் இலவசமாக வைத்திருக்கின்றன. மிர்ரர் என்று பெயர். நமக்குப் பிடித்ததை நாம் தேர்ந்தெடுக்கலாம்.

“நீங்க எதை வச்சிருக்கீங்க?”

“ஸ்பீடு டெஸ்ட் பண்ற பட்டன் இருந்துச்சு. அதுல ஃபர்ஸ்ட் வந்தது.”

நியாயம்தானே? எங்கள் ஒக்கலிபுரத்திலிருந்து எந்த இடம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் நாம் கிலோமீட்டரிலா சொல்கிறோம்? ‘முக்கால் மணி நேரம்’ என்கிறோம்.

அந்த மிர்ரரின் முகவரியை பிரவுசரில் திறந்தேன். வரிசையாக ஃபைல்கள், பக்கத்தில் தேதிகள். எல்லாமே போன வருஷம். அதன்பிறகு அது தலைமை சர்வர் பக்கமே போகவில்லை. அதில் இருப்பதையும் தன்னிடம் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்து, லேப்டாப் ‘எல்லாம் புதுசு’ என்று சொல்லிவந்திருக்கிறது.

“அப்ப பொய் சொல்லுதாக்கா?”

“பொய் இல்ல. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

“தூங்கிக்கிட்டே ‘ஓகே’ சொல்லியிருக்கு. எங்க சூப்பர்வைசர் மாதிரி.”

பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று டெஸ்ட் பார்த்தது. அது எப்போதைய பதில் என்று பார்க்கவில்லை...

பட்டியலில் கீழே கிடந்த ஒரு மிர்ரரைப் பிடித்தோம். அன்றைய தேதி இருந்தது. வேகம்தான் இல்லை. முரளி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜாஸ்தி லேட் ஆகுதுக்கா. பழசுக்கே போயிடலாமா?”

“போலாம். அதுல ஒண்ணும் வராது, ஆனா ‘ஒண்ணும் இல்ல’ன்னு வேகமா சொல்லும்.”

சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றது, டவுன்லோட் நிற்கவில்லை.

ஒருவழியாக முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும், முரளி மாடிக்குப் போய் எனக்கு ஒரு வீடியோ கால் போட்டார். “அக்கா... கேக்குதா?” கேட்டது. அவர் வீட்டு குக்கர் விசில்கூடக் கேட்டது.

மாலையில் விசாரித்தேன். “குரல் நல்லா போச்சுக்கா. நான்தான் ரெண்டு கேள்வில முழிச்சேன்.” அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எனக்கு ஆனேக்கலில் ஒரு தம்பி. எப்போது அழைத்தாலும் முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுவான். “எல்லாம் நல்லா இருக்குக்கா.” ரொம்ப நாளாக இதே பதில். நானும் நிம்மதியாக போனை வைத்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கலுக்கு பஸ் ஏறிவிட்டேன் — அந்தப் பதிலின் தேதியைப் பார்த்துவிட்டு வரலாமென்று.