காத்திவாக்கத்துப் பழைய வலைகள்

பழைய வலை வாங்கும் தொழிலில் வலையை எடை போட ஒருவர் இருக்கிறார். வலை கொண்டுவந்தவரை எடை போடுவது என் வேலை.

தமிழாசிரியையாக ஓய்வு பெற்ற பின், வெறிச்சோடிய வீட்டில் சுவரோடு பேசப் பிடிக்காமல், திருவொற்றியூர் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். அது கிழிந்த நைலான் வலைகளை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. அங்கே அவை கம்பளமாகின்றன. எந்தக் கரையில், யாரிடம் வாங்கியவை என்று நேரில் கேட்டறிந்து எழுதித் தராவிட்டால் அந்நாட்டுச் சட்டம் சரக்கை உள்ளே விடாது. கேட்பவள் நான். கேள்விகளோடு அயலார் வாசலில் நின்ற அனுபவமுள்ளவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

வேண்டாத தேநீர்

காத்திவாக்கத்துக் குப்பத்தில் வீடு வீடாகப் பழைய வலை சேர்த்து எங்களுக்கு விற்பவர் கன்னியம்மா. முதல் நாளே எனக்குத் தேநீர் நீட்டினார். விற்பவரிடம் எதையும் பெறலாகாது, அது கையூட்டு என்பது நிறுவனத்தின் விதி. அதைத் தெளிவாக எடுத்துரைத்தேன். அவர் தம்ளரை என் எதிரிலேயே மண்ணில் கவிழ்த்தார்.

"இந்த மாரி எத்தினி பேரு சொல்லிகிறாங்க! ஒங்க வூட்டு டீ ஆவாதுன்னு நேரா சொல்லிட்டுப் போயேன், டீச்சரம்மா."

கடலில் கிடைத்தது

வீட்டில் பழசான வலைக்கு ஒரு விலை. கடலில் கைவிடப்பட்டு மிதக்கும் வலையை மீட்டு வந்தால் கூடுதல் விலை. கடலைக் காக்க வெளிநாட்டார் செய்த ஏற்பாடு அது. கன்னியம்மாவின் கொழுந்தன் தேசப்பன் ஒருநாள் சொட்டச் சொட்ட ஒரு வலையை இழுத்து வந்தார். முந்தைய வாரம் அதே வலை அவர் வீட்டுக் கூரைமேல் காய்ந்துகொண்டிருந்ததைக் கண்டவள் நான். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு மறுத்துவிட்டு வந்தேன். வீட்டுக் கதவைத் திறந்ததும் அடக்கிய சிரிப்பு வெடித்தது. சொல்லிச் சிரிக்க ஆளில்லாமல் பாதியில் நின்றது. நான் மறுத்தபோது தேசப்பன் சொன்னது இதுதான்:

"கடல்லேர்ந்து எடுத்தாத்தான் ரேட்டு ஜாஸ்தின்னு நீதான சொன்னே? காலீல போட்டேன், இப்போ எடுத்தேன். இதுல இன்னா பேஜாரு?"

வெள்ளத்திற்குப் பின்

ஒரு மழைக்கால வெள்ளம் எங்கிருந்தோ எண்ணெயை அடித்து வந்து கழிமுகத்தில் சேர்த்தது. இறால் போயிற்று, நண்டு போயிற்று; கிடைத்த மீனையும் வாங்குவாரில்லை. குப்பத்தில் அடுப்பெரிய, விற்பதற்குப் பழைய வலை ஒன்றுதான் மிச்சம். அந்நேரம் பார்த்து வெளிநாட்டார் எழுதினார்கள்: அந்தக் கரையிலிருந்து ஓர் இழைகூட வேண்டாம். கடலைத் தூய்மையாக்க வந்தவர்களுக்குத் தூய்மையான கடலின் வலைதான் வேண்டுமாம். இதைக் கன்னியம்மாவிடம் நேரில் சொல்ல மேலாளர் என்னைத் தேர்ந்தெடுத்தார்.

"நாங்க போனா அடிப்பாங்க, மேடம். நீங்க வயசானவங்க, திட்டுறதோட விட்டுருவாங்க."

ஊர்ப் பெயர்

கன்னியம்மா திட்டவில்லை. வெள்ளத்துக்கு முன்பே பரணில் ஏற்றி வைத்திருந்த வலைக்கட்டுகளை இறக்கிக் காட்டினார். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. "எண்ணெ போவாத பழவேற்காடுன்னு எழுதிக்கோ, டீச்சரம்மா. வலையில ஊர் பேரா பொறிச்சிகீது?" என்றார். அவர் கெஞ்சி நான் கேட்டது அன்றுதான்.

காத்திவாக்கம் என்றே எழுதினேன். இவை எண்ணெய் படாதவை, என் கண்ணால் கண்டேன், ஏற்பதே நியாயம் என்று ஒரு பக்கம் வாதாடியும் எழுதிக் கட்டுகளோடு அனுப்பினேன். வாதத்துக்கு மறுமொழி இல்லை. வலைக்கட்டுகள் மட்டும் திரும்பி வந்தன. வண்டியோடு நானே போய் அவற்றை இறக்கினேன். தேசப்பன் மாதவரத்தில் லாரிக்குச் சுமை ஏற்றப் போய்விட்டிருந்தார். கன்னியம்மாவின் குரலில் கோபமில்லை.

"நீ பொய்யே எழுத மாட்டே, நல்லதுதான். அதான் ஒனக்குன்னு ஒருத்தரும் இல்ல போல கீது."

இப்போது என்னை வேறு கரைக்கு மாற்றியிருக்கிறார்கள். என் எழுத்தில் பிழையே இல்லை என்று அங்கும் எல்லோரும் எட்ட நின்றே பாராட்டுகிறார்கள்.