இன்னும் ஒரு டம்ளர்

எங்கள் ஊருக்குச் செல்போன் வந்த புதிது. ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த அன்று என் மகள் சைக்கிளோடு விழுந்தாள். இடது விலாவுக்குக் கீழே ஹேண்டில்பார் குத்திய இடம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். ரெட்டியார்சத்திரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் திண்டுக்கல் கூட்டிப்போனேன்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் டூட்டி டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் அறை வாசல் பெஞ்சு முழுக்கக் கர்ப்பிணிகள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"யூரின் முட்டணும்மா, அப்பத்தான் படம் தெரியும். நல்லாத் தண்ணி குடுங்க."

எல்லோருமே குடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் டிரம்மிலிருந்து பிடித்துப் பிடித்துக் கொடுத்தேன்.

"இம்புட்டுத் தண்ணி குடிச்சா எம்புள்ள நீச்சல் அடிச்சுக்கிட்டேதான் பொறக்கும்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். என் மகள் சிரித்தாள். சிரித்தவுடன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, தோள்பட்டை வலிக்குது."

"அடிபட்டது வயித்துல, வலிக்கிறது தோள்பட்டையா? நடிக்காதடி. குடி."

நாலாவது டம்ளரில் வாந்தி எடுத்தாள். அத்தனை பேர் முன்னால் மானம் போயிற்றென்று தொடையில் கிள்ளினேன். திரும்ப முதல் டம்ளரிலிருந்து ஆரம்பித்தேன்.

அந்த வழியாகப் போன ஆபரேஷன் டாக்டர் நின்றார். அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். நாடியைப் பிடித்தார்.

"மெஷின வெளிய தள்ளிட்டு வாங்க."

"சார், டோக்கன் வரிசை..." என்றாள் நர்ஸ்.

அவரே உள்ளே போய் இழுத்து வந்தார். அதற்குச் சக்கரம் இருந்தது. அவளைப் பெஞ்சிலேயே படுக்கவைத்து விலாவுக்கடியில் கருவியை வைத்தார். திரையில் கறுப்பாக ஒரு பட்டை.

"மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. உள்ள பூரா ரத்தம். இதப் பாக்க யூரின் எதுக்கு? வயிறு நிறையத் தண்ணிய வச்சுக்கிட்டு எப்படி மயக்கம் குடுக்கறது? யாரு குடுத்தது?"

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நான் கையைத் தூக்கினேன்.

பொழுது சாய்வதற்குள் ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டாள்.

அடிபட்ட வயிற்றுக்கு மெஷின்தான் படுக்கைக்கு வர வேண்டும், ரத்தம் இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும், எதற்காகவும் காத்திருக்கக் கூடாது, உள்ளே ரத்தம் கசிந்தால் தோள்பட்டையும் வலிக்கும் என்பதைப் பிறகு ஒரு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். என் இன்னொரு பிள்ளைக்கு லேசாக வயிறு வலித்தாலும் இப்போது அதைத்தான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்துகிறேன்.

அன்று ஆபரேஷன் தியேட்டர் கதவுக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"முட்டுதும்மா. இப்பவாச்சும் ஒண்ணுக்குப் போகலாமா?"

"செத்த நேரம் அடக்கிக்க" என்றேன்.